துன்பியல் நாடகத்தில் பித்து: கட்டுரைத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

துன்பியல் நாடகத்தில் பித்து என்பது பள்ளி, கல்லூரி மாணவர்கள் இலக்கியக் கட்டுரைக்கு அடிக்கடி எடுத்துக்கொள்ளும் பொருள்களில் ஒன்று. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகமும் அதன் தமிழ் வடிவமான ‘அமலாதித்ய’னும் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டுகள். ஹாம்லெட் உண்மையிலேயே பித்தனா, பித்தனைப்போல் நடிக்கிறானா என்ற வினா பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதையே தலைப்பாகக் கொண்டு எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் கதைச் சுருக்கமாகவோ, ‘இரண்டும் சரிதான்’ என்ற முடிவாகவோ நின்றுவிடுகின்றன. பித்து என்ற சொல்லை நாடகத்தில் யார் சொல்கிறார், யாரைப் பற்றிச் சொல்கிறார், சொன்னபின் என்ன நடக்கிறது என்று கேட்கும் தலைப்பு இதைவிடப் பயன் தரும். அத்தகைய தலைப்பை அடையும் வழியையும், செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம், மாமல்லபுரம் கடற்கரைப் பகுதி மாணவருக்கு அருகிலேயே கிடைக்கும் ஒப்பீடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இங்கே குறிக்கப்படும் கோவளம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள மீனவர் ஊர். கேரளத்துக் கோவளம் வேறு.

## தமிழில் ஹாம்லெட்

‘ஹாம்லெட்’ 1600-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட ஐந்து அங்க நாடகம். அதைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). அவர் பெயரின் முன்னால் நிற்கும் பம்மல், பல்லாவரத்தை அடுத்த ஊர். கோவளம் இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று உள்ளது. சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். படித்தவர்களும் வழக்கறிஞர்களும் மேடையேறத் தயங்கிய காலத்தில், அவர்களையே நடிகர்களாகக் கொண்டு இயங்கிய சபை அது. சம்பந்த முதலியாருமே வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றியவர். அவருக்கு 1959-இல் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தழுவியபோது மூலப் பெயரின் ஒலியைத் தொட்டுக்கொண்டு தமிழ்ப் பெயர் வைப்பது அவர் முறை. ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான். மேக்பெத் ‘மகபதி’ ஆனான். சிம்பலின் ‘சிம்ஹளநாதன்’ ஆனான். தமிழ்த் திரைப்படத்திலும் ஹாம்லெட் தலைகாட்டியிருக்கிறான். 1973-இல் வெளிவந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் நாடக நடிகராக வரும் சிவாஜி கணேசன் ஹாம்லெட் வேடத்தில் தோன்றுகிறார். ஆங்கில மூலத்தை மட்டும் படித்த மாணவருக்கும், தமிழ் வழியில் மட்டும் அறிந்த மாணவருக்கும் இந்த நாடகத்தைப் பற்றி எழுத இடமிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு இன்னும் அதிகமான தலைப்புகள் கிடைக்கும்.

## பொருள் வேறு, தலைப்பு வேறு

‘ஹாம்லெட்டில் பித்து’ என்பது பொருள். அதில் எதைச் சொல்லப்போகிறோம் என்பது இன்னும் தெரியவில்லை. பொருளிலிருந்து கட்டுரைத் தலைப்புக்கு வர மூன்று படிகள் உண்டு.

முதற்படி, பொருளைக் குறுக்குவது. ஒரு பாத்திரம், ஒரு காட்சி, ஒரு சொல், ஒரு பொருள் அல்லது ஓர் உறவு என்று எல்லை கட்ட வேண்டும். ‘ஹாம்லெட்டில் பித்து’ என்பது ‘ஒபீலியாவின் பித்தும் அரசவையும்’ என்று குறுகலாம்.

இரண்டாம் படி, குறுக்கிய பொருளை வினாவாக்குவது. ‘ஒபீலியாவின் பித்தை அரசவை ஏன் விசாரிக்கவில்லை?’ என்பது வினா. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாததாக அது இருக்க வேண்டும்.

மூன்றாம் படி, வினாவுக்கு ஒரு விடையை முன்வைப்பது. ‘ஹாம்லெட்டின் பித்து அரியணைக்கு ஆபத்து, ஒபீலியாவின் பித்து அவளுக்கு மட்டுமே ஆபத்து. அதனால்தான் முதலாவது விசாரிக்கப்படுகிறது, இரண்டாவது கைவிடப்படுகிறது’ என்பது விடை. படித்த ஒருவர் இதை மறுக்கவும் இடமிருக்கிறது. மறுக்க இடமுள்ள கூற்றுக்குத்தான் சான்று தேவைப்படும். சான்று தேவைப்படும்போதுதான் கட்டுரை எழுத வேண்டிய வேலையே தொடங்குகிறது.

## நாடகத்தில் பித்து வரும் இடங்கள்

தலைப்பை முடிவுசெய்யும் முன் நாடகத்தில் பித்து பேசப்படும் இடங்களைப் பட்டியலிட்டுக்கொள்வது நல்லது. முக்கியமான இடங்கள் வருமாறு:

1-ஆம் அங்கம், 4-ஆம் காட்சி. ஆவியைப் பின்தொடரப்போகும் ஹாம்லெட்டை ஹொரேஷியோ தடுக்கிறான். கடலை நோக்கித் தொங்கும் பாறை விளிம்புக்கு அது கூட்டிச்சென்று அறிவைப் பறித்துவிடலாம் என்று எச்சரிக்கிறான்.

1-ஆம் அங்கம், 5-ஆம் காட்சி. இனித் தான் விசித்திரமாக நடந்துகொள்ளக்கூடும், அப்போது தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஹாம்லெட் நண்பர்களிடம் உறுதி வாங்குகிறான்.

2-ஆம் அங்கம். கலைந்த உடையோடு ஹாம்லெட் தன் அறைக்கு வந்ததை ஒபீலியா சொல்ல, அது காதல் பித்து என்று அவள் தந்தை பொலோனியஸ் முடிவுகட்டுகிறார். அரசன் கிளாடியஸ், ஹாம்லெட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன் இருவரையும் உளவறிய வரவழைக்கிறான். ஹாம்லெட்டின் பிதற்றலுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பொலோனியஸே கவனிக்கிறார்.

3-ஆம் அங்கம், 1-ஆம் காட்சி. ஒளிந்திருந்து கேட்ட கிளாடியஸ், இது காதலும் அல்ல, பித்துப்போலவும் இல்லை என்று கண்டுகொள்கிறான். ஆனாலும் பெரிய இடத்துப் பித்தைக் காவலின்றி விடக்கூடாது என்கிறான்.

3-ஆம் அங்கம், 4-ஆம் காட்சி. தாயின் அறையில் பொலோனியஸ் கொல்லப்படுகிறார். ஆவி ஹாம்லெட்டுக்கு மட்டும் தெரிகிறது, தாய் கெர்ட்ரூடுக்குத் தெரியவில்லை. தன் நாடித்துடிப்பு சீராக இருப்பதாக ஹாம்லெட் வாதிடுகிறான்.

4-ஆம் அங்கம், 5-ஆம் காட்சி. தந்தையை இழந்த ஒபீலியா நிலைகுலைந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறாள்; மூலிகைகளையும் பூக்களையும் பங்கிட்டுக் கொடுக்கிறாள். 7-ஆம் காட்சியில் அவள் நீரில் மூழ்கிய செய்தி வருகிறது.

5-ஆம் அங்கம். அவளுக்குச் சமயச் சடங்கோடு அடக்கம் செய்யலாமா என்று வெட்டியான்கள் தர்க்கம் செய்கிறார்கள். கடைசிக் காட்சியில் ஹாம்லெட், தான் செய்த தீங்கைச் செய்தது தன் பித்தே, தான் அல்ல என்று ஒபீலியாவின் அண்ணன் லேர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

இந்தப் பட்டியலிலிருந்து ஒன்று தெரியவருகிறது. பித்து இருக்கிறதா என்பதைப் பற்றி மேடையில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய காரணத்தை அதற்குள் வைக்கிறார்கள். பொலோனியஸுக்கு அது காதல், கெர்ட்ரூடுக்குத் தன் அவசரத் திருமணம், கிளாடியஸுக்குச் சதி. ‘பித்தனா, இல்லையா?’ என்ற வினாவைவிட, ‘பித்துக்கு ஒவ்வொருவரும் சொல்லும் காரணம் அவரைப் பற்றி என்ன சொல்கிறது?’ என்ற வினா வலுவாக நிற்பது இதனால்தான்.

## நடிப்புக்கு என்ன தேவை?

ஹாம்லெட் கதையின் மூலம் டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிராமாட்டிகஸ் 1200-ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் எழுதிய நூலில் உள்ளது. அதில் ஆம்லெத் என்ற சிறுவனின் தந்தையைச் சிற்றப்பன் கொன்றது ஊரறிந்த செய்தி. பழிவாங்கும் வயது வரும்வரை உயிரோடு இருக்கவேண்டிய ஆம்லெத், புத்தி பேதலித்தவனாக நடிக்கிறான். அங்கே நடிப்பு ஒரு கேடயம்.

ஷேக்ஸ்பியர் கொலையை இரகசியமாக்கிவிட்டார். ஹாம்லெட்டுக்கு உண்மை தெரியும் என்று கிளாடியஸுக்குத் தெரியாது. ஹாம்லெட் சும்மா இருந்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது. பித்தனாக நடிப்பதே அரசனின் கண்ணை அவன்மேல் திருப்புகிறது. கேடயம் இங்கே தலைகீழாகி வேலை செய்கிறது. அப்படியானால் அவன் ஏன் நடிக்கிறான்? வெளியே சொல்ல முடியாததைச் சொல்ல அதுதான் வழியா? பித்தனின் வாயிலிருந்து வரும் உண்மைக்குத் தண்டனை இல்லை என்பதாலா? மூலக் கதையையும் நாடகத்தையும் ஒப்பிடும் இந்த ஒரு கேள்வியே முழுக் கட்டுரைக்குப் போதுமானது.

## ஒரே சொல், இரண்டு விளைவுகள்

பித்து என்ற சொல் நாடகத்தில் செய்யும் வேலையைப் பின்தொடர்ந்தால் ஒரு முரண் வெளிப்படும்.

ஹாம்லெட்டைப் பொறுத்தவரை அந்தச் சொல் அவனை அப்புறப்படுத்தும் கருவி. அவன் பித்தன் அல்ல என்று உள்ளூர அறிந்த கிளாடியஸே, வெளியே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவனை இங்கிலாந்துக்கு அனுப்புகிறான். கூடவே அவனைக் கொல்லச் சொல்லும் கடிதமும் போகிறது. அவன் பித்தனாகையால் அனுப்பப்பட்டான் என்பது வெட்டியான் வரைக்கும் எட்டிய ஊர்ப்பேச்சு ஆகிவிடுகிறது.

ஒபீலியாவைப் பொறுத்தவரை அதே சொல் அவளைக் காப்பாற்றக்கூடியது. ஷேக்ஸ்பியர் கால இங்கிலாந்தில் தற்கொலை குற்றமாகவும் பாவமாகவும் கருதப்பட்டது. சித்தசுவாதீனம் இல்லாமல் இறந்தவர் மட்டும் அந்தக் குற்றத்திலிருந்து விலக்குப் பெற்றார். ஒபீலியா அறிவிழந்த நிலையில் இறந்தவள் என்று ஏற்றால் அவளுக்கு முழுச் சடங்கும் உரியது. ஆனால் பாதிரியார் அவள் இறப்பு ஐயத்துக்குரியது என்று சொல்லிச் சடங்கைச் சுருக்கிவிடுகிறார். அவள் நிலைகுலைந்ததை அரசவையே கண்ணால் பார்த்திருக்கிறது. இருந்தும் கல்லறையருகே அவளுக்காக அந்தச் சொல்லை எடுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

பித்தனாக நடித்தவனுக்கு அந்தச் சொல் தாராளமாகக் கிடைக்கிறது. உண்மையிலேயே நிலைகுலைந்தவளுக்குத் தேவையான நேரத்தில் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும்போது ஹாம்லெட்டும் அதைத் தனக்கே எடுத்துக்கொள்கிறான். அவன் மன்னிப்புக் கேட்பது ஒபீலியாவின் அண்ணனிடம் என்பது இந்த முரணை இன்னும் கூர்மையாக்குகிறது.

## சொல்லைத் தேர்தல்

தமிழில் எழுதும் மாணவருக்கு இன்னொரு முடிவும் காத்திருக்கிறது. எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? பித்து, பைத்தியம், கிறுக்கு, உன்மத்தம், மருள், வெறி, சித்தப்பிரமை, மனநோய் என்று பல சொற்கள் உள்ளன. எல்லாம் ஒன்றல்ல.

பித்து என்பது வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்றான பித்தத்தோடு தொடர்புடைய சொல். ஐரோப்பாவிலும் அக்காலத்தில் உடலின் நான்கு நீர்மங்கள் ஏறியிறங்குவதால் மனநிலை மாறுகிறது என்று நம்பினர். ஹாம்லெட்டின் வாட்டத்துக்குக் கரும்பித்தம் காரணம் என்று அன்றைய பார்வையாளர் எண்ணியிருக்கலாம். ஆகவே இந்த நாடகத்துக்குப் பித்து என்ற சொல் காலத்தாலும் பொருந்தி வருகிறது. பக்தி மரபில் அதற்கு உயர்வும் உண்டு. சுந்தரர் தம் முதல் பதிகத்திலேயே சிவபெருமானைப் பித்தன் என்று விளித்தார். பைத்தியம், கிறுக்கு ஆகியவை இன்று வசைச் சொற்களாகவே பெரிதும் வழங்குகின்றன. மருள் என்பது தெய்வமோ ஆவியோ ஏறிய நிலையையும் குறிக்கும்; ஆவியைக் கண்ட ஹாம்லெட்டை எழுதும்போது இச்சொல்லை எண்ணிப் பார்க்கலாம். மனநோய் என்பது இன்றைய மருத்துவச் சொல். அதை நாடகப் பாத்திரத்தின்மேல் வைத்தால் கட்டுரை இலக்கியத்திலிருந்து மருத்துவ அறிக்கைக்கு நகர்ந்துவிடும்.

எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதை என்ன பொருளில் ஆள்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்றக்கூடாது.

## கோவளம் கடற்கரையிலிருந்து சில ஒப்பீடுகள்

கோவளம், கேளம்பாக்கம், மாமல்லபுரம் பகுதி மாணவர் ஒப்பீட்டுக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை.

முதலாவது ஒப்பீடு பல்லவர் காலத்தது. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற சமஸ்கிருத அங்கத நாடகத்தை எழுதினான். கதை காஞ்சியில் நடக்கிறது. குடிபோதையில் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன், பௌத்தத் துறவியின்மேல் பழிபோடுகிறான். பாசுபதன் ஒருவன் நடுவராக வருகிறான். சமயவாதிகள் எல்லோரும் வாதாடிக்கொண்டிருக்க, தொலைந்த பாத்திரம் ஒரு பித்தனின் கையில் இருக்கிறது. நாய் தூக்கிச்சென்றதை அவன் பறித்து வைத்திருக்கிறான். அறிவாளிகள் தேடும் பொருள் பித்தனிடம் இருப்பது இங்கே நகைச்சுவை. அறிவாளிகள் தேடும் உண்மை பித்தனைப்போல் நடிப்பவனிடம் இருப்பது ஹாம்லெட்டில் துன்பியல். ஒரே அமைப்பு எந்த இடத்தில் சிரிப்பாகிறது, எந்த இடத்தில் துயரமாகிறது என்பது ஒப்பீட்டுக் கட்டுரைக்கு ஏற்ற வினா. இங்கேயே பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வையும் சேர்க்கலாம். அதன் 1954-ஆம் ஆண்டுத் திரைவடிவில் வரும் வசந்தன் புத்தி பேதலித்தவன். காகா ராதாகிருஷ்ணன் நடித்த அந்தப் பாத்திரம் பார்ப்பவரைச் சிரிக்கவைக்கவே அமைக்கப்பட்டது.

இரண்டாவது ஒப்பீடு கடல். ஹாம்லெட்டின் நிலையைக் கணவனுக்குச் சொல்லும் கெர்ட்ரூட், கடலும் காற்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் வேளையை உவமையாக்குகிறாள். ஹொரேஷியோவின் எச்சரிக்கையிலும் கடல் வருகிறது. கடற்பயணத்துக்குப் பிறகு திரும்பும் ஹாம்லெட்டோ பித்தன் வேடத்தைப் பெரும்பாலும் களைந்துவிடுகிறான். வடகிழக்குப் பருவமழைக் காலக் கடலைக் கரையிலிருந்து கண்டவருக்குக் கெர்ட்ரூடின் உவமை எவ்வளவு அச்சத்தோடு சொல்லப்பட்டது என்று விளங்கும். ‘கடலும் பித்தும்’ என்ற சிறு தலைப்பு மூன்று அங்கங்களை இணைக்கும்.

மூன்றாவது ஒப்பீடு இன்றைய வாழ்க்கை. கோவளத்தில் தமீம் அன்சாரி தர்கா உள்ளது. தமிழ்நாட்டின் தர்காக்கள், கோயில்கள், தேவாலயங்கள் பலவற்றுக்கு மனநலப் பாதிப்பு உள்ளவர்களை உறவினர்கள் அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். திருச்சிராப்பள்ளி அருகே குணசீலம் பெருமாள் கோயிலும் அவ்வாறு பெயர்பெற்றது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். 1993-இல் சென்னையில், தெருவில் விடப்பட்ட மனநலப் பாதிப்புள்ள பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட தி பேனியன் என்ற அமைப்பு இப்போது கோவளத்திலும் இயங்குகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலப் பாதிப்பு உள்ளவர்களைச் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே முதலில் கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்றும் அது கூறுகிறது. வெட்டியான்களின் தர்க்கமும் பாதிரியாரின் மறுப்பும் நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை இந்தச் சட்டத்தின் வயது உணர்த்தும்.

இந்த மூன்றாவது ஒப்பீட்டைக் கையாளும்போது கவனம் தேவை. நாடகப் பாத்திரத்துக்கு நோயின் பெயர் சூட்டுவதற்காக அதைக் கொண்டுவரக்கூடாது. ஒருவரைப் பித்தர் என்று முடிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, முடிவுசெய்தபின் அவரை யார் பார்த்துக்கொள்கிறார் என்ற வினாவுக்காகக் கொண்டுவரலாம். சென்னை வழக்கில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே அங்குள்ள மனநல மருத்துவமனையால் கேலிச்சொல்லாகிவிட்டதைக் கேட்டு வளர்ந்த மாணவர்களுக்கு, சொல் ஒருவரை எப்படி ஒதுக்கும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

## ஒரு தலைப்பு உருவாகும் விதம்

‘காவல்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஹாம்லெட்டைக் காவலில் வைக்கவேண்டும் என்று 3-ஆம் அங்கத்தில் கிளாடியஸ் சொல்கிறான். 4-ஆம் அங்கத்தில் ஒபீலியாவை நெருக்கமாகப் பின்தொடர்ந்து நன்றாகக் கவனிக்கும்படி சொல்பவனும் அவனே. ஹாம்லெட்டின் மனத்தை அறிய அரசன், அரசி, பொலோனியஸ், இரண்டு நண்பர்கள், தூண்டிலாக ஒபீலியா என்று ஆறு பேர் ஈடுபடுகிறார்கள். ஒபீலியாவின் மனத்தை அறிய எவரும் ஈடுபடவில்லை. அவளைச் சந்திக்கவே கெர்ட்ரூட் முதலில் மறுக்கிறாள். தந்தை இறந்த துக்கம் என்று கிளாடியஸ் ஒரே வரியில் முடித்துவிடுகிறான்.

பிறகு அவள் நீரில் மூழ்குகிறாள். கெர்ட்ரூட் தரும் செய்தியில் மரக்கிளை ஒடிந்தது, உடை நீரில் விரிந்து சற்று நேரம் அவளைத் தாங்கியது, அவள் பாடிக்கொண்டே இருந்தது வரை எல்லாம் இருக்கிறது. இவ்வளவும் தெரிய வேண்டுமானால் யாரோ பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் ஏன் காப்பாற்றவில்லை? காவல் என்ன ஆயிற்று? நாடகம் விடை சொல்லவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் தலைப்பு: ‘காவலும் கவனிப்பும்: ஹாம்லெட்டில் கண்காணிக்கப்படும் இருவர்.’ முன்வைக்கும் கூற்று: எல்சினோர் அரண்மனை கண்காணிக்கத் தெரிந்த இடம், கவனித்துக்கொள்ளத் தெரிந்த இடம் அல்ல. எதிர்வாதமும் உண்டு. லேர்டீஸின் கலகம் அதே காட்சியில் வெடிப்பதால் காவலர்கள் திசைதிரும்பியிருக்கலாம். மேலும் கெர்ட்ரூடின் பேச்சு நேரில் கண்டதன் அறிக்கையாக இல்லாமல் கவிதை மரபாக இருக்கலாம். இந்த எதிர்வாதத்தை மறைக்காமல் எடுத்துச் சொல்லிப் பதில் தரும் கட்டுரையே நம்பத்தக்கதாக இருக்கும்.

## தலைப்பைச் சோதிக்கும் நான்கு வினாக்கள்

தேர்ந்த தலைப்பை எழுதத் தொடங்கும் முன் பின்வரும் வினாக்களால் சோதிக்கலாம்.

நாடகத்தில் குறைந்தது மூன்று இடங்களிலிருந்து இதற்குச் சான்று காட்ட முடியுமா? ஒரே வரியை நம்பிய தலைப்பு பாதியில் வற்றிவிடும்.

நாடகத்தைப் படித்த ஒருவர் இதை மறுத்துப் பேச முடியுமா? முடியாதென்றால் அது தகவல், வாதம் அல்ல.

கொடுக்கப்பட்ட பக்க அளவுக்குள் அடங்குமா? ‘ஷேக்ஸ்பியரின் நான்கு துன்பியல்களில் பித்து’ முனைவர் பட்டத்துக்கானது. ‘பித்தில் ஒபீலியா பாடும் பாட்டுகள்’ ஐந்து பக்கத்துக்கானது.

பயன்படுத்தும் பதிப்பில் அந்த வரிகள் இருக்கின்றனவா? ‘ஹாம்லெட்’டுக்கு 1603, 1604–05, 1623 ஆகிய மூன்று பழம்பதிப்புகள் உண்டு. பாறை விளிம்பிலிருந்து கடலைப் பார்ப்பதே மனத்தில் விபரீத எண்ணத்தை எழுப்பும் என்ற ஹொரேஷியோவின் வரிகள் இரண்டாம் பதிப்பில் உள்ளன, 1623 தொகுப்பில் இல்லை. கடலைப் பற்றி எழுதுபவர் இதைக் குறிப்பிட வேண்டும்.

## எடுத்துக்கொள்ளத்தக்க தலைப்புகள்

1. உரைநடையும் செய்யுளும். பித்தனாக நடிக்கும்போது ஹாம்லெட் பெரும்பாலும் உரைநடையிலும், தனிமையில் செய்யுளிலும் பேசுகிறான். ஒபீலியா நிலைகுலைந்தபின் உரைநடைக்கும் பாட்டுக்கும் மாறுகிறாள். தமிழ் வடிவத்தில் இந்த வேறுபாடு எப்படி ஈடுசெய்யப்படுகிறது?

2. யாருக்கு ஆவி தெரிகிறது? முதல் அங்கத்தில் காவலர்களும் ஹொரேஷியோவும் அதைக் காண்கிறார்கள். தாயின் அறையில் ஹாம்லெட் மட்டும் காண்கிறான். இந்த மாற்றம் பார்வையாளரின் நம்பிக்கையை எப்படி அசைக்கிறது?

3. மன்னிப்பா, சாக்கா? கடைசிக் காட்சியில் ஹாம்லெட் பித்தின்மேல் பழிபோடுவது, தாயிடம் தான் நடிப்பதாகச் சொன்னதோடு பொருந்துமா?

4. ஒபீலியா கொடுக்கும் பூக்கள். எந்தப் பூ யாருக்கு என்று நாடகம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இயக்குநர் அதை முடிவுசெய்யும்போது அவளது பித்து குற்றச்சாட்டாக மாறுகிறதா?

5. ஆண் நடிகரின் ஒபீலியா. ஷேக்ஸ்பியரின் மேடையிலும் சுகுண விலாச சபையிலும் பெண் வேடத்தை ஆண்களே ஏற்றனர். ஒரு பெண்ணின் நிலைகுலைவை ஆண் நடிப்பதால் காட்சியின் பொருள் மாறுகிறதா?

6. மத்தவிலாசத்துப் பித்தனும் ஹாம்லெட்டும். உண்மை யார் கையில் இருக்கிறது என்பதை இரண்டு நாடகங்களும் எப்படிக் காட்டுகின்றன?

## தவிர்க்க வேண்டியவை

கதைச் சுருக்கத்தால் பக்கத்தை நிரப்புவது முதல் குறை. மதிப்பிடுபவர் நாடகத்தைப் படித்தவர். அவருக்குக் கதை தேவையில்லை. ஷேக்ஸ்பியர் இதைத்தான் நினைத்தார் என்று அறுதியிடுவது இரண்டாவது குறை. வரிகள் எதைக் காட்டுகின்றன என்பதையே சொல்ல முடியும். பாத்திரத்துக்கு நோயின் பெயர் சூட்டி அதோடு நிறுத்திவிடுவது மூன்றாவது. பெயர் சூட்டியதும் எல்லாம் விளங்கிவிட்டது என்ற எண்ணம் பொலோனியஸுக்கும் இருந்தது. அவர் தவறாகவே கணித்தார்.

இந்நாடகத்தைப் பற்றி எழுதுபவரும் ஒரு வகையில் அந்த அரசவையில் இருப்பவர்தான். ஒருவரைப் பித்தர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவதா, அவர் பேசுவதைக் கடைசிவரை கேட்பதா என்ற தேர்வு அவருக்கும் உண்டு. ஒபீலியாவின் பேச்சில் பொருளில்லை என்றாலும் கேட்பவர்கள் தங்களுக்குள் ஏதேதோ பொருள் சேர்த்துக்கொள்கிறார்கள் என்ற செய்தி, அவள் மேடைக்கு வரும் முன்பே கெர்ட்ரூடிடம் சொல்லப்படுகிறது. அவள் பாடும் பாட்டுகளையும் கொடுக்கும் பூக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கும் கட்டுரை, அரசவை செய்யத் தவறிய வேலையைச் செய்கிறது.